சுறா எண்ணெய்ச் சுவர்

ஏணியின் மேல் நின்றுகொண்டிருக்கிறேன். இடது கையில் சுண்ணாம்புக் கலயம். வலது கையில் வெள்ளையடிக்கும் மட்டை, நசுக்கிய தாழை விழுது. எதிரே, சாம்பலும் தேனும் கலந்த நிறத்தில் ஒரு பெரிய சுவர். முந்தின நாள் மாலை அதன் மேல் நான் அடித்த வெள்ளை, வாசல் வழியே காலை வெயில் பட்டதும் அப்பளம் போல உப்புகிறது. பிறகு ஒரு சின்னச் சத்தத்தோடு பிரிந்து என் காலடியில் உதிர்கிறது.

கீழே எல்லம்மாக்கா மீன் கூடையை இடுப்பில் இடுக்கியபடி அண்ணாந்து பார்க்கிறாள்.

“இன்னா தம்பி, சுண்ணாம்பு அடிக்கிறியா, செவுத்துக்குத் தோலு உரிக்கிறியா?”

மட்டையை நனைத்து மறுபடியும் இழுத்தேன். நனைந்த இடம் வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் சுருங்கிக்கொண்டு விலகியது. எண்ணெய்த் தலையில் தண்ணீர் ஊற்றினால் எப்படி ஓடுமோ அப்படி.

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரை. ஐம்பதுகளில் ஏதோ ஓர் ஆண்டு. எந்த ஆண்டு என்று அடித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் ஆடி முடியப் போகிற நாட்கள் என்பது நிச்சயம். ஆவணியில் எல்லம்மாக்கா வீட்டுக் கல்யாணம். அதற்குள் இந்தச் சுவர் வெள்ளையாக வேண்டும் என்பதுதான் என் தலை மேல் இருந்த பாரம்.

இந்தத் தொடரில் நாடகத் திரைகளைப் பற்றிப் படித்த சிலர், “தர்பார் திரைக்குப் பேர்போன ஆள் நீங்கள். தூணும் வளைவும் வரைவதைத் திடீரென்று ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் இந்தச் சுவரிடம்தான் இருக்கிறது.

துணியில் அரண்மனை கட்டுகிறவன்

எனக்குப் படம் போடக் கற்றுக்கொடுத்தவர் என்று யாரும் இல்லை. செங்கல்பட்டு ரயிலடிப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். பேருக்கு மேலே ஒரு நாள் தாமரை போட்டேன். தாமரைக்குக் கீழே குளம் போட்டேன். குளத்துக்குப் பின்னால் ஒரு மண்டபமும் வந்துவிட்டது. கடைக்காரர், “எழுத்து எங்கடா?” என்று கேட்டார். அதோடு அந்த வேலை போயிற்று. நாடகக் கம்பெனி வேலை வந்தது.

வஜ்ரப் பசையைக் காய்ச்சி, வண்ணப் பொடியைக் கலந்து, துணியில் சலவைக்கல் அரண்மனை எழுப்புவேன். வஜ்ரம் காய்கிற நாற்றத்துக்குத் தெருநாய் கூடத் தள்ளிப் படுக்கும். ஆனால் ராத்திரி விளக்கொளியில் அதே துணி பளிங்காக மின்னும். கிட்டே வந்தால் பூச்சு, எட்டப் போனால் அரண்மனை. என் தொழிலே அதுதான்.

திருக்கழுக்குன்றத்துத் திருவிழாவில் எங்கள் நாடகம் நடந்தபோது எல்லம்மாக்கா பார்த்திருக்கிறாள். அவள் அந்த ஊர்ச் சந்தையில் மீன் விற்கிறவள். மறுநாள் நான் திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நேரே வந்து நின்றாள்.

“அந்த ராஜா வூட்டு செவுரு போட்டது நீதானா?”

“ஆமாம்.”

“எங்க ஊர்ல ஒரு செவுரு கீது. அத்த மனுசன் பாக்குற மாதிரி பண்ணிக் குடு.”

பேசிக்கொண்டே மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து என் கையில் வைத்துவிட்டாள். வாங்கிக்கொண்ட பிறகு மறுப்பது எப்படி?

மாப்பிள்ளை வீட்டு நிபந்தனை

விஷயம் இதுதான். எல்லம்மாக்காவின் புருஷன் பாளையம் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கடற்கரைக்காரர் என்றதும் கடல் கொண்டுபோய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சலில், குடிசைக்குள், பாயில் போனவர். ஒரே பெண், கன்னியம்மா. அவளைக் கோவளத்தில் ஒரு பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் அப்போதுதான் ஒரு பொதுக்கூடம் எழும்பியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அடித்த புயல் குடிசைகளின் கூரையை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. அதனால் சர்க்கார் செலவில், கான்கிரீட்டில், புயல் வந்தால் ஒண்டிக்கொள்ளவும் மற்ற நாளில் கல்யாணம் காட்சிக்கும் என்று கட்டிய கூடம். அதில் முதல் கல்யாணம் கன்னியம்மாவுடையது என்று ஊர்ப் பஞ்சாயத்தில் முடிவாகியிருந்தது.

நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் தேசப்பன் கூடத்தைப் பார்த்தார். கோவளத்தில் அவர் பேச்சுக்கு மறு பேச்சில்லை. உள்ளே ஒரு சுற்று சுற்றினார். வெளியே வந்தார்.

“இது இன்னாம்மா, கட்டிகினு இருக்கும்போதே ஆளுங்க ஓடிட்டாங்களா?”

“கட்டி முடிச்சாச்சு, அண்ணாத்த.”

“பூச்சு எங்க? வெள்ள எங்க? பூசாத வூட்டுல எங்க ஜனம் கை நனைக்காது. கல்யாணத்துக்குள்ள வெள்ள அடிச்சு வெய்யி. இல்லன்னா கோவளத்துலயே வெச்சுக்கலாம். எங்களுக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல.”

அவருக்குப் பேஜாரு இல்லை. எல்லம்மாக்காவுக்கு அதுதான் எல்லாமே. பெண்ணுக்குத் தாலி ஏறுவது பெண் பிறந்த ஊரில் என்பது அவர்கள் வழக்கம். “அங்க தூக்கினு போயி கட்டி வெச்சா ஊரு இன்னா சொல்லும்? அப்பன் இல்லாத பொண்ணு, கேக்க நாதி இல்ல, அதான் மாப்ள வூட்டு வாசல்ல கொண்டு போயி வுட்டுட்டாங்கன்னு சொல்லும்” என்றாள் என்னிடம். இதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுக்கவில்லை. மீனுக்கு விலை சொல்கிற அதே குரல்தான்.

இட்லித் துணி

கூடத்தைக் கட்டியவர் இஞ்சினீயர் வரதன். திருக்கழுக்குன்றத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. சீமைக்குப் போய்க் கட்டடக் கலை படித்துவிட்டு வந்தவர். முப்பது வயது கூட இருக்காது. பேசும்போது இரண்டு கையும் சேர்ந்து பேசும். நான் பார்த்த முதல் நாளே அவர் கை ஆட்டி என் கலயத்தைக் கவிழ்த்தார்.

சுவருக்கு வெள்ளையடிக்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் கோபிக்கவில்லை. மணலில் உட்காரச் சொன்னார்.

“நீங்க ஆர்ட்டிஸ்ட். உங்களுக்குப் புரியும். சீமையில யுத்தத்துல ஊர் ஊரா குண்டு போட்டு அழிச்சுட்டாங்க. லட்சக்கணக்கான ஜனங்களுக்கு வீடு இல்லை. அப்போ கட்டறவங்க சில பேர் யோசிச்சாங்க. இத்தனை நாள் பணக்காரன் வீட்டுக்குச் சலவைக்கல், ஏழை வீட்டுக்குச் சலவைக்கல் மாதிரி பூச்சு. எதுக்கு இந்த வேஷம்? எல்லாருக்கும் ஒரே சுவர். எதால கட்டினோமோ அது தெரியட்டும். யார் கை பட்டுதோ அதுவும் தெரியட்டும்.”

அந்த மாதிரிக் கட்டடத்துக்குப் பிரெஞ்சு பாஷையில் ஒரு பெயர் சொன்னார். பச்சைக் கான்கிரீட் என்று அர்த்தமாம். பேர் எனக்கு நிற்கவில்லை. பச்சை மட்டும் நின்றது. பச்சைப் பால், பச்சைக் களிமண் என்கிறோமே, அந்தப் பச்சை.

கான்கிரீட் எப்படிச் சுவராகிறது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பலகைகளை இரண்டு பக்கமும் நிறுத்தி, சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து, நடுவில் கலவையைக் கொட்டுகிறார்கள். இறுகியதும் பலகையைப் பிரிக்கிறார்கள். பலகையின் ரேகை, கணு, இடுக்கு எல்லாம் சுவரில் அப்படியே பதிந்து நிற்கும்.

“இட்லி மேல துணித் தடம் விழுமே, அது மாதிரியா?” என்றேன்.

வரதன் இரண்டு கையையும் தூக்கினார். நல்லவேளையாகக் கலயம் அப்போது எட்டி இருந்தது. “அதேதான். இட்லிக்கு யாராவது பூச்சு பூசுவாங்களா?”

எல்லம்மாக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “சட்னி ஊத்துவாங்க” என்றாள்.

ஊர்க்காரர் செய்த காரியம்

அந்தச் சுவரின் தேன் நிறத்துக்கு ஒரு கதை உண்டு. இந்தக் குப்பத்து ஜனங்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தவறைச் செய்திருக்க முடியாது.

கட்டும்போது பலகை போதவில்லை. ஊர் கூடிப் பேசி, கரையில் கிடந்த பழைய படகுகளைப் பிரித்துத் தந்தார்கள். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள். பலகையின் ஓரம் நெடுகத் துளையிட்டு, தேங்காய் நார்க் கயிற்றைக் கோத்துக் கோத்து இழுத்துத் தைப்பார்கள். மசூலாப் படகு என்று பட்டணத்தில் சொல்வார்களே, அதுதான். அலை தூக்கிக் கரையில் அறைந்தாலும் ஆணிப் படகு போல உடையாது, வளைந்து கொடுக்கும். எல்லம்மாக்காவும் தன் வீட்டுக்காரர் படகைத் தந்தாள். ஓட்ட ஆள் இல்லாமல் மணலில் கவிழ்ந்து கிடந்தது அது.

வேலைக்கும் ஊர்க்காரர்களே நின்றார்கள். பாலாற்று மணலை வண்டியில் கொண்டுவந்து கொட்டினார்கள். பெண்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றினார்கள். கலவை பலகையில் ஒட்டாமல் இருக்க முதலில் எண்ணெய் தடவ வேண்டும் என்று வரதன் சொல்லிவிட்டு, அதற்கான எண்ணெய் டின் வரவில்லையே என்று செங்கல்பட்டுக்குப் போனார்.

பலகைக்கு எண்ணெய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஊர் நினைத்தது. படகுப் பலகைக்கு எந்த எண்ணெய் தடவுவார்கள்? சுறா எண்ணெய். வருஷா வருஷம் தடவுவதுதானே. வீட்டுக்கு வீடு சட்டி சட்டியாகக் கொண்டுவந்தார்கள். கொஞ்சமாகவா? புதுக் கூடம், தாராளமாக இருக்கட்டும் என்று குளிப்பாட்டினார்கள். வரதன் திரும்பி வந்தபோது கலவை கொட்டி முடிந்திருந்தது.

பலகையைப் பிரித்த நாளில் அவர் எதிர்பார்த்தது வெளிறிய சாம்பல் நிறம். வந்தது வெல்லப்பாகு நிறம். கூடவே வாசனை. வரதன் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருக்க மிகவும் பாடுபட்டார் என்று எல்லம்மாக்கா சொல்வாள். “ஐயரு புள்ள. பாவம். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆனா ஒரு வார்த்த திட்டல. செவுத்தத் தடவித் தடவிப் பாத்துகினே இருந்தாரு, கண்ணுக்குட்டியத் தடவுற மாதிரி.”

என் சுண்ணாம்பு ஏன் நிற்கவில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அது ஏணி மேல் நின்ற பிறகுதான் தெரிந்தது. பிரித்த பலகைகளோ அப்போதே அடுப்புக்குப் போய்விட்டன.

பூச்சு போன கோட்டை

எல்லம்மாக்காவும் வரதனும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது, கரையில் பாழாய் நிற்கும் பழைய டச்சுக்காரன் கோட்டையின் ஓரத்தில். அதற்கு முதல் நாள் வரதன் என்னை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். பாதி வெட்டி விட்டுவிட்ட ஒரு குகையைக் காட்டினார். தூண் முழுக்க உளித் தடம். கை வைத்துப் பார்த்தேன். வெட்டியவன் சாப்பிடப் போயிருக்கிறான், இதோ வந்துவிடுவான் என்பது போல இருந்தது. துணியில் எத்தனை தூண் வரைந்திருக்கிறேன். ஒன்றின் மேலாவது இப்படிக் கை வைக்கத் தோன்றியதில்லை. அந்த எண்ணம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் கையில் வாங்கிய வெற்றிலை வெற்றிலைதானே.

அந்தக் குகையைத்தான் வரதன் எல்லம்மாக்காவிடம் எடுத்துச் சொன்னார். “அம்மா, மாமல்லபுரத்துக் குகையில பூச்சா இருக்கு? உலகமே வந்து பாக்குது.”

“பாத்துட்டு எல்லாரும் அவங்கவங்க வூட்டுக்குப் போயிடுறாங்க இல்ல?” என்றாள் அவள். பிறகு கோட்டைச் சுவரைக் காட்டினாள். காரை உதிர்ந்து செங்கல் பல்லிளித்துக்கொண்டு நின்றது. “எங்களுக்குப் பூச்சு போன செவுரு இன்னான்னு தெரியும், சார். தோத்துட்டு ஓடுனவன் வூடு அது. அது ஒண்ணு இங்க கீதே, இன்னொண்ணு எதுக்கு?”

“நான் கேவலமா நினைச்சு அப்படிக் கட்டலைம்மா. எல்லாரும் சமம்னு…”

“சமம்னா எங்கருந்து ஆரம்பிக்கணும்? எங்ககிட்டருந்தா? ஓலக் குடிசையில இருக்குறவன், ஒரு நாளாவது பூசுன செவுத்துல சாஞ்சு குந்தணும்னு ஆசப்படுறான். அவன்கிட்ட வந்து பூச்சு வேஷம்னு சொல்ற. உங்க வூடு பூசிக் கீதா, இல்லியா?”

வரதனின் கை அந்தரத்தில் நின்றது.

“பூசியிருக்கு.”

“அப்புறம் இன்னா?”

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார், ஏறி மிதிக்கத் தோன்றாமல்.

நான் நடுவில் நின்றேன். அவர் சொன்னதும் நிஜம். அவள் கேட்டதும் நிஜம். “அக்கா, வேண்டுமானால் என் தர்பார் திரையைக் கொண்டுவந்து சுவர் நீளத்துக்குக் கட்டிவிடட்டுமா?” என்றேன்.

“கடக் காத்துல ராஜா வூடு பறந்து போயி மாப்ள தலைல வுழும். நீ சுண்ணாம்பே அடி” என்றாள்.

எட்ட நின்று பார்த்தவள்

ஆக, அந்தக் காலை. ஏணி மேல் நான், கீழே அவள், சுவரிலிருந்து உதிரும் வெள்ளை.

இனி என்ன செய்வது என்று ஏணியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். கீழே சத்தமே இல்லை. கேலி பேசிக்கொண்டிருந்தவள் ஏன் சும்மா இருக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பின்னாலேயே நடந்து, கூடத்தின் எதிர்ச் சுவர் வரை போயிருந்தாள்.

“தம்பி, எறங்கு.”

“இன்னும் ஒரு கை அடித்துப் பார்க்கிறேன், அக்கா.”

“எறங்குன்றேன். இங்க வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். கிட்டே வந்தால் பூச்சு, எட்டப் போனால் படம் என்பது என் தொழில். அதை அன்று நானே மறந்திருந்தேன்.

எண்ணெய் ஊறிய இடத்தில் எல்லாம் வெள்ளை விட்டுப்போயிருந்தது. ஆனால் படகுப் பலகையின் தையல் துளைகளுக்குள் கலவை புகுந்து, பலகையைப் பிரித்தபோது அந்தக் கலவையின் முனை முறிந்த இடங்கள் இருந்தன. அங்கே எண்ணெய் இல்லை. சொரசொரப்பான அந்தப் புள்ளிகள் சுண்ணாம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. தேன் நிறச் சுவர் முழுக்க, வெள்ளை வெள்ளையாக, வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஊரின் பழைய படகுகள் எல்லாம் தையலோடு எழுந்து நின்றன.

நான் ஒரு திரையில் கூட அப்படி ஒன்றை வரைந்ததில்லை. வரையவும் தெரியாது.

எல்லம்மாக்கா பார்த்துக்கொண்டிருந்தது முழுச் சுவரை அல்ல. நடுவில், ஆள் உட்கார்ந்தால் தலை உயரத்தில், ஒரு சதுர ஒட்டுப் பலகையின் தடம். அதைச் சுற்றிப் போன தையல் மட்டும் நேராக இல்லை. மேலே ஏறி, கீழே சரிந்து, ஓரிடத்தில் ஒன்றன் மேல் ஒன்று மிதித்துக்கொண்டு போயிற்று.

“அவருது” என்றாள்.

“யாருது?”

“எங்க வூட்டுக்காரருது. பாறையில மோதி ஓட்ட வுழுந்துச்சு. தைக்கிற ஆளக் கூப்புடுய்யான்னா கேக்கல, நானே தச்சுக்கிறேன்னாரு. ஊரே சிரிச்சுது. குடிச்சுட்டு நடந்த மாதிரி தச்சிருக்கான் பாளையம்னு கரையில போற வர்றவன்லாம் சொல்லுவான். குடிக்கவே மாட்டாரு, பாவம்.”

அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மட்டயக் கழுவி வெய்யி” என்றாள்.

மாட்டு வண்டியில் வந்த மூட்டைகள்

வாழ்க்கை சில சமயம் நாடகக்காரனைவிட மோசமாக நாடகம் போடும். அன்றே, வெயில் ஏறுவதற்குள், வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டியில் சிமெண்ட் மூட்டைகள், கொத்தனார், கரண்டி. முன்னால் சைக்கிளில் வரதன்.

சிமெண்ட் அப்போதெல்லாம் லேசில் கிடைக்கிற சரக்கல்ல, பர்மிட் வேண்டும். சர்க்கார் கொடுத்தது சுவருக்கே போய்விட்டது. “பூச்சு சிமெண்ட்ட எவன் துன்னான்?” என்று ஊரில் முணுமுணுப்பு வேறு. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“எங்க வீட்டு மாடியில கான்கிரீட்ல ரூம் எடுக்கறோம். அதுக்குப் பூச வெச்சிருந்தது” என்றார் தாழ்ந்த குரலில். பிறகு எல்லம்மாக்காவிடம் திரும்பினார். “நீங்க கேட்டது சரிதாம்மா. என் கொள்கையை உங்க பொண்ணு கல்யாணத்துல வெச்சுப் பாக்கக் கூடாது. கொத்திவிட்டுப் பூசினா நிக்கும். கல்யாணத்துக்குள்ள முடிச்சுடலாம்.”

கொத்தனார் உளியை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கிப் போனார். எல்லம்மாக்கா போய் அந்தச் சதுர ஒட்டின் முன்னால் நின்றுகொண்டாள்.

“உளிய வெச்சுடு, அண்ணாத்த.”

வரதனுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏம்மா, நீங்கதானே…”

“நேத்து கேட்டேன். இன்னிக்கு வேணாம். நீ இன்னான்னா நேத்து வேணாம்ன, இன்னிக்கு வண்டி கட்டினு வர்ற.”

நான் அவரைத் தோளில் தொட்டு எதிர்ச் சுவருக்கு அழைத்துப்போய் நிறுத்தினேன். அவர் பார்த்தார். இரண்டு கையும் மெல்ல உயர்ந்து, பேசாமலே கீழே இறங்கின.

“வெள்ளை இல்லேன்னா கல்யாணம் கோவளத்துக்குப் போயிடுமே” என்றார் கடைசியில்.

“அத்த நான் பாத்துக்கிறேன்” என்றாள் எல்லம்மாக்கா. ஆனால் எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை என்பது, கூடையை எடுக்காமலே சந்தைக்குக் கிளம்பியதில் தெரிந்தது.

தேசப்பன் வந்தார்

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் தேசப்பன் சோதனைக்கு வந்தார். வரதனும் நானும் கூடத்தின் மூலையில் நின்றிருந்தோம், பரீட்சை முடிவுக்கு நிற்கிற மாணவர்கள் போல.

“வெள்ள எங்கம்மா?”

“செவுரு வெள்ளய வாங்கல, அண்ணாத்த.”

அவர் மூக்கை உறிஞ்சினார். “நாத்தம் வேற அடிக்குது.”

“நாம இன்னா ரோசாப்பூவா விக்கிறோம்?”

தேசப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சுவரின் பக்கம் போனார். முதலில் விரலால் தட்டினார். பிறகு ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டினார். வரிசையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். படகில் பிறந்து படகில் வளர்ந்த மனிதர். அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இது நெருக்கத் தையலு. நல்ல கை… இது கொஞ்சம் தளர்ச்சி… ஆனா மோசமில்ல…” என்று முனகிக்கொண்டே வந்தவர் அந்தச் சதுர ஒட்டின் முன்னால் நின்றார்.

“இத்த எந்தக் கபோதி தச்சான்?”

வரதன் தரையைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“உங்க சம்பந்திதான்” என்றாள் எல்லம்மாக்கா. “கன்னியம்மா நைனா.”

தேசப்பனின் கை சுவரிலிருந்து விலகியது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் போட்டார். மறுபடியும் ஒட்டைப் பார்த்தார்.

“தண்ணி ஏறிச்சா?”

“அவரு இருந்த வரிக்கும் ஒரு சொட்டு உள்ள வரல.”

“அப்ப சரி” என்றார். பிறகு இன்னொரு முறை, தனக்கே சொல்லிக்கொள்வது போல, “அப்ப சரி.”

துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு, “பொண்ண எங்க குந்த வெக்கப் போற?” என்று கேட்டார்.

“இங்கதான். இது முன்னாடி.”

“வெய்யி. பந்திய வாசப்பக்கம் போடு, காத்து வரட்டும். கோவளத்துல எவனாவது வெள்ள அடிச்சுக் கீதான்னு கேட்டா, அடிச்சுக் கீதுன்னு நானே சொல்லிக்கிறேன். தையல் பூரா வெள்ளதானே?”

வாசல் வரை போனவர் திரும்பினார். “அந்த எடத்துல மட்டும் சந்தனத்தக் கிந்தனத்த அப்பி மறைச்சுடாதீங்க” என்றார்.

பிறகு

கல்யாணம் நடந்தது. கன்னியம்மா அந்த ஒட்டுக்கு முன்னால் மணையில் உட்கார்ந்தாள். நெருக்கியடித்துப் பின்னால் சாய்ந்த பெண்களின் முதுகில் எல்லாம் சுண்ணாம்புப் புள்ளி. அவரவர் முதுகை அடுத்தவள் தட்டிவிட்டு, சிரித்து, மறுபடியும் சாய்ந்தார்கள். எண்ணெய் வாசனையைச் சாம்பாரும் மல்லிகையும் சேர்ந்து பாதிதான் வென்றன.

அடுத்த நாடகத்துக்கு நான் தர்பார் வரையவில்லை. கரையில் கிடந்த வேறொரு பழைய படகின் பலகை மேல் துணியை விரித்து, வஜ்ரத்தில் விளக்குக் கரியைக் குழைத்துத் தேய்த்து எடுத்தேன். ரேகையும் கணுவும் தையல் துளையும் துணியில் ஏறின. அதுதான் அரண்மனை. திருப்போரூரில் முதல் ஆட்டம். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், “ராஜா நொடிஞ்சு பூட்டாரு போலக் கீது” என்றார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, “சும்மா இரு. இப்பதான் ராஜா நம்ம தெருவாண்ட குடி வந்த மாதிரி கீது” என்றார். அந்த அம்மாள் யாரென்று தெரியாது. அவர் சொன்னதற்காகவே இன்னும் பல வருஷம் திரை கட்டினேன்.

வரதன் கொண்டுவந்த சிமெண்ட் மூட்டைகள் திருக்கழுக்குன்றத்துக்குத் திரும்பிப் போகவில்லை. கூடத்துக்குப் படியும், மீன் அலச ஒரு மேடையும் போட்டுக்கொடுத்தார். அவர் வீட்டு மாடி அறை பூசாமலே நின்றது. மறுபடியும் சிமெண்ட் கிடைத்தபோதும் அவர் பூசவில்லை. அவருடைய அப்பா கொஞ்ச காலம் மாடிப் பக்கமே அண்ணாந்து பார்க்காமல் நடந்தார் என்று கேள்வி.

ஒரு நாள் எல்லம்மாக்காவோடு வரதன் வீட்டுத் தெருமுனையைக் கடந்தேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அந்த மாடியை நிதானமாகப் பார்த்தாள். வெளிறிய சாம்பல் நிறச் சுவர், பலகை ரேகையோடு வெயிலில் நின்றது.

“எப்படி இருக்கு, அக்கா?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் கீது” என்றாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். “சுறா எண்ண தடவாம வுட்டுட்டாரு. அதான் சோகை புடிச்ச மாதிரி வெளுத்துக் கெடக்குது.”